வளையலைக் கழற்றிய கை: நான்கு ஆண்டு உடல்வலி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் பரவி நீடிக்கும் வலி நோய், பற்றிய கதை. அந்த நோயை முதலில் பிடித்தது நான் இல்லை. எங்கள் கிளினிக் உதவியாளர்தான். "டாக்டர், அந்த அக்காவுக்கு பிபி எடுக்கிறப்பல்லாம் கையை உதறுறாங்க, கவனிச்சீங்களா? பட்டை இறுகினாலே கண்ணுல தண்ணி வந்துடுது" என்று 2024 மார்ச்சில் ஒரு நாள் சொன்னார். மூன்று ஆண்டுகளாக நான் அந்த அக்காவுக்கு இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

எங்களுடையது சிங்கப்பூரின் வடக்கே ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிறிய கிளினிக். நோயாளியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வலியைப் பற்றிய விவரங்களில் கை வைக்கவில்லை.

நோயாளி

47 வயதுப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு கொண்டோமினியத்தில் பாதுகாவல் அதிகாரி. இரவு 8 மணிக்கு வேலைக்குப் போனால் காலை 8 மணிக்குத்தான் முடியும். வாரத்தில் ஆறு இரவு. கணவர் பேருந்து ஓட்டுநர், மகன் தேசிய சேவையில். நாலறை வீட்டில் மறதிநோய் வந்த மாமியாரும் இருக்கிறார். இவர் வேலை முடிந்து வந்து, மாமியாரைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, தான் படுக்கும்போது மணி பதினொன்று ஆகிவிடும். மதியம் மூன்று மணிக்கு மாமியார் கதவைத் திறந்துகொண்டு வெளியே கிளம்புகிற சத்தத்தில் விழித்துக்கொள்வார். ஒரு நாள் உறக்கம் அவ்வளவுதான்.

உயர் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. எடுக்கிறார். வேறு நோய் எதுவும் இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுக்கவில்லை. தசை வலி என்று வருபவரிடம் முதலில் கேட்டுவிட வேண்டிய கேள்வி அது.

வலி வந்த வழி

2020இல் சிங்கப்பூர் முழுக்க 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்ததே, அதில் இவரும் ஒருவர். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. "காய்ச்சல் போச்சு, அந்த அடிச்சுப் போட்ட வலி மட்டும் போகவே இல்ல" என்றார். ஃபைப்ரோமயால்ஜியா சிலருக்கு ஒரு தொற்றுக்குப் பிறகு தொடங்கும். அதற்காக இவருக்கு டெங்கிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே ஆண்டில்தான் மாமியாரின் மறதி முற்றியது, இவரும் பகல் வேலையிலிருந்து இரவுக்கு மாறினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வலிக்கும் ஒரு கதவு. கழுத்து வலிக்கு அரசின் பலதுறை மருந்தகம் போனார். எக்ஸ்ரே எடுத்து "கொஞ்சம் தேய்மானம்" என்றார்கள். இடுப்பு வலிக்கு எலும்பு மருத்துவர். எம்ஆர்ஐயில் கீழ் முதுகுத் தட்டு ஒன்று லேசாகப் பிதுங்கியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல், வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் இது நிறையப் பேருக்கு இருக்கும். 2022இல் ஒரு விடிகாலை நெஞ்சு வலி என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். ஈசிஜியும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோப்போனின் இரத்தச் சோதனையும் சரியாக இருந்தன. விலா எலும்பின் குருத்தில் வலி என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தாடை இறுக்கத்துக்குப் பல் மருத்துவரையும் பார்த்தார். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. கழுத்தைப் பார்த்தவர் கழுத்தைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தவர் நெஞ்சைப் பார்த்தார். நான் இரத்த அழுத்தத்தைப் பார்த்தேன்.

2023இல் காலையில் விரல்கள் விறைத்துக்கொள்வதாகச் சொன்னபோது ஒரு தனியார் சோதனைத் தொகுப்பில், உடம்பின் சொந்த செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏஎன்ஏ சோதனை செய்யப்பட்டது. 1:80 அளவில் நேர்மறை. அறிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் கூகளில் தேடியவருக்கு லூபஸ் என்ற சொல் கண்ணில் பட்டது; எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய் அது. நிபுணரைப் பார்க்கும் வரை இரண்டரை மாதம் கண்ணாடி முன் நின்று கன்னத்தில் தடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாதவர்களிலும் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு 1:80 அளவில் இந்தச் சோதனை நேர்மறையாக வரும். அந்த ஒரு வரியைச் சோதனை எடுத்த அன்றே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டரை மாதம் மிஞ்சியிருக்கும். நிபுணர் லூபஸைச் சுட்டும் டிஎஸ்-டிஎன்ஏ எதிர்ப்பொருளைச் சோதித்தார், இல்லை. மூட்டு வீக்கமும் இல்லை. "உங்களுக்கு லூபஸ் இல்லை, முடக்குவாதம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்ன இல்லை என்பது இவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

இதற்கு நடுவே மலாய்ப் பாட்டி ஒருவரிடம் ஊருட் (மலாய் முறை உருவல்) பிடித்துக்கொண்டார், மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. சீன மருத்துவரிடம் ஊசி குத்திக்கொண்டதில் கொஞ்சம் இதம். தேக்காவில் வாங்கிய தைலம், உடம்பெல்லாம் கோயோக் மருந்துப் பட்டை ஒட்டு, ஆக்ஸ் பிராண்ட் எண்ணெய், எல்லாம் ஆயிற்று.

பிஸ்கட் டின்

உதவியாளர் சொன்ன பிறகு, அடுத்த தடவை வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் கொண்டுவரச் சொன்னேன். கிளினிக் மூடும் நேரத்துக்கு வரச் சொல்லி நாற்பது நிமிடம் ஒதுக்கினேன். எங்களைப் போன்ற கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு நாற்பது நிமிடம் என்பது ஊதாரித்தனம்தான்.

பழைய பிஸ்கட் டின் ஒன்றை மேசையில் கவிழ்த்தார். அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையான ஆர்காக்சியா மூன்று அட்டை, மூன்று வெவ்வேறு கிளினிக்கின் லேபிளோடு. பனடோல். அனாரெக்ஸ். இரைப்பைக்கு ஒமெப்ரசோல். அனாரெக்ஸ் தசையைத் தளர்த்தும் மாத்திரை என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒவ்வொரு மாத்திரையிலும் 450 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. மோசமான நாளில் பனடோல் ஆறும் அனாரெக்ஸ் நான்கும் போடுவேன் என்றார். கணக்குப் போட்டால் 4,800 மி.கி.; ஒரு நாளைக்கு உச்சவரம்பு 4,000. இத்தனை போட்டும் வலி குறைந்ததா என்று கேட்டேன். "குறையல டாக்டர். போடலன்னா பயமா இருக்கும்" என்றார்.

அப்புறம், எங்கெங்கே வலிக்கிறது என்று கேட்காமல், எப்படி வலிக்கிறது என்று கேட்டேன். தமிழில் கேட்டேன். அதுவரை இவர் பார்த்த மருத்துவர்களிடம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் எல்லாக் கோப்பிலும் 'உடம்பு வலி' என்பதற்குச் சமமான ஒரே சொல்தான் இருக்கிறது. தமிழில் கேட்டதும் வந்தவை வேறு. தோளில் கடுப்பு. காலில் குடைச்சல். முழங்கைக்குக் கீழே எரிச்சல். இடுப்பில் பிடிப்பு. கழுத்தில் கல்லை வைத்த பாரம். விரலில் மதமதப்பு. படுத்ததும் "காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி, ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் நிக்கும்". எரிச்சலும் மதமதப்பும் நரம்பின் பக்கம் கை காட்டும் சொற்கள். எறும்பு ஊர்வது என்பது தனிக் கதை, கீழே வருகிறது.

வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பேசினார். அம்மா போட்ட தங்க வளையல் இரண்டையும் கழற்றி வைத்து இரண்டு வருடம் ஆகிறதாம். "ரெண்டு பவுன் வளையல் டாக்டர், விலங்கு மாட்டின மாதிரி வலிக்குது. யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க." பிபி பட்டையும் வளையலும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. வலிக்கக் கூடாத அழுத்தம் வலிக்கிறது.

பரிசோதனை

மூட்டுகளில் வீக்கமோ சூடோ இல்லை. தசைகளில் பலக்குறைவு இல்லை. அனிச்சைச் செயல்கள் இயல்பு. தோலில் தடிப்பு இல்லை. எடைக் குறியீடு 29. கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு, அதாவது சுமார் 4 கிலோ விசையில், ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான 1990ஆம் ஆண்டு அமெரிக்க அளவுகோலின் 18 புள்ளிகளையும் அழுத்திப் பார்த்தேன். 14இல் முகம் சுளித்தார். இந்தப் புள்ளிகளை இப்போது கட்டாயமாக எண்ண வேண்டியதில்லை. 2010இலிருந்து அளவுகோல் மாறிவிட்டது. இருந்தாலும் தொட்டுப் பார்ப்பதை நான் விடுவதில்லை. நான்கு ஆண்டில் இத்தனை இடத்தில் தன்னைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பாராட்டாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

புதிய அளவுகோல் இரண்டு எண்களைக் கேட்கிறது. உடம்பை 19 பகுதிகளாகப் பிரித்து, போன வாரத்தில் எத்தனையில் வலி என்று எண்ணுவது முதலாவது. பந்துமுனைப் பேனாவை அவரிடமே கொடுத்து ஓர் உடல் படத்தில் நிழலிடச் சொன்னேன். கழுத்து, மேல் முதுகு, கீழ் முதுகு, இரு தோள், இரு முன்னங்கை, இரு இடுப்பு, இரு கீழ்க்கால், நெஞ்சு: 12. படத்தைத் திருப்பிப் பார்த்தவர், "இத மொத்தமா இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

இரண்டாவது எண் அறிகுறிகளின் தீவிரம். களைப்புக்கு 3, தூங்கி எழுந்தும் புத்துணர்ச்சி இல்லாததற்கு 3, மறதிக்கும் கவனச் சிதறலுக்கும் 2. தலைவலிக்கு 1, அடிவயிற்று இழுப்புக்கு 1, மனச்சோர்வுக்கு 0. மொத்தம் 12க்கு 10. முதல் எண் 7ஆவது இருந்து இரண்டாவது 5ஆவது இருந்தால், மூன்று மாதத்துக்குக் குறையாமல் வலி நீடித்திருந்தால், ஐந்து உடற்பகுதிகளில் நான்கிலாவது வலி பரவியிருந்தால், அது ஃபைப்ரோமயால்ஜியா. 2016இல் திருத்தப்பட்ட இதே அளவுகோலில் இன்னொரு முக்கியமான வரி உண்டு: வேறு நோய் கூடவே இருந்தாலும் இந்த முடிவு செல்லும்.

வேறு எதுவாக இருக்கலாம்

அந்தக் கடைசி வரி இவருக்குப் பொருந்தியது. தைராய்டு, கால்சியம், சிறுநீரகம், கல்லீரல், தசை நொதியான சிகே, அழற்சிக் குறியீடுகள் எல்லாம் இயல்பு. அந்தப் பாராசிட்டமாலுக்குப் பிறகும் கல்லீரல் இயல்பாக இருந்தது அதிர்ஷ்டம். ஹீமோகுளோபின் 10.9, குறைவு. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9, மிகக் குறைவு. மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம், யாரும் கேட்காததால் இவரும் சொல்லவில்லை. டி உயிர்ச்சத்து 17, குறைவு. குறட்டை விடுகிறார் என்பதால் உறக்கச் சோதனைக்கு அனுப்பினேன். மூச்சுத் தடை லேசான அளவில் இருந்தது, இத்தனை வலியையும் விளக்கப் போதாது.

எறும்புக்கு வருகிறேன். உடம்பில் இரும்புச் சத்து வற்றும்போது சிலருக்குக் கால் அமைதியிழக்கும். படுத்ததும் குறுகுறுக்கும், ஆட்டினால் நிற்கும், தூக்கம் போகும். ஆழ்ந்த உறக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் அளவு இறங்கும். 1970களிலேயே நலமாக இருந்தவர்களை ஆழ்நிலை உறக்கத்தில் குலைத்துக் குலைத்துப் பார்த்து, சில இரவுகளில் அவர்களுக்கு உடம்பு வலியும் அழுத்தினால் நோவும் வருவதைக் காட்டியிருக்கிறார்கள். இவருக்கு அந்தச் சோதனை நான்கு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

சொன்ன விதம்

பெயரைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். முதல் கேள்வி: "அப்ப இது மனசுல இருக்குன்னு சொல்றீங்களா?" இதற்கு முன் இரண்டு இடத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

மூட்டிலோ தசையிலோ சேதம் இல்லை, வலியைக் கடத்துகிற, கூட்டிக் குறைக்கிற நரம்பு ஏற்பாடு கூட்டும் பக்கமே நின்றுவிட்டது என்று விளக்கினேன். 2002இல் ஸ்கேனருக்குள் படுக்க வைத்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்த ஆய்வைச் சொன்னேன். மற்றவர்களுக்கு லேசாகத் தெரிந்த அதே அழுத்தத்துக்கு இந்த நோயாளிகளின் மூளையில் வலிப் பகுதிகள் ஸ்கேனில் ஒளிர்ந்தன. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "புது பிடிஓ வீவக வீட்டுல கூரையில தீ மணி மாட்டியிருக்காங்கல்ல. எங்க தங்கச்சி வீட்டுல வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலே அலறும். அந்த மாதிரியா?" அப்போதிலிருந்து மற்ற நோயாளிகளுக்கும் இதையே சொல்கிறேன். சாம்பிராணி உண்மை, சத்தமும் உண்மை, வீடு மட்டும் எரியவில்லை.

அடுத்த கேள்வி, மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ். முடக்குவாதமும் மூட்டுத் தேய்மானமும் மெடிசேவ் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன, இது இல்லை. பட்டியலில் இருக்கும் இரத்த அழுத்தத்துக்கு வரும் அன்றே இதையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். சிறிய நடைமுறைத் தந்திரம்தான், ஆனால் பேருந்துச் செலவும் ஓர் அரை நாளும் மிச்சம். வெளியில் இயன்முறை சிகிச்சைக்குச் சொந்தக் காசு கொடுக்காமல் இருக்க, பலதுறை மருந்தகம் வழியாகவே மருத்துவமனை ரூமட்டாலஜி (மூட்டு, வாத நோய்) பிரிவுக்குப் பரிந்துரை வாங்கச் சொன்னேன். அப்படிப் போனால் கட்டணக் கழிவு கிடைக்கும். அங்கேயும் இதே முடிவைத்தான் சொன்னார்கள்.

சிகிச்சை, சறுக்கல்களோடு

முதலில் ஆர்காக்சியாவை நிறுத்தினோம். அழற்சி இல்லாத வலிக்கு அழற்சியைக் குறைக்கும் மாத்திரை கேட்காது, இரத்த அழுத்தத்தை ஏற்றும். நிறுத்திய ஒரு மாதத்தில் அழுத்தம் இறங்கியது. பனடோலை நாளுக்கு நான்குக்குள் வைத்தார்.

இரும்பும் டி உயிர்ச்சத்தும் தொடங்கினேன். கூடவே இரவுக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினேன். இங்கேதான் சறுக்கினேன். உறக்கத்துக்கும் இந்த வலிக்கும் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் கால் அமைதியின்மை இருப்பவருக்கு அதைக் கூட்டிவிடக்கூடும். எறும்பைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதே கையால் அதை எழுதினேன். ஆறாம் நாள் போன் வந்தது: "எறும்பு போய் இப்ப பாம்பு." நிறுத்தினோம்.

ஃபெரிட்டின் ஏற மூன்று மாதம் பிடித்தது. 60ஐத் தாண்டியதும் கால் அடங்கியது. பகலில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்குகிறேன் என்றார். வலி அப்போதும் பத்துக்கு ஏழு. நரம்பு வலி மருந்தான ப்ரீகாபலினை 25 மி.கி.யில் தொடங்கி இரவு 75 வரை போனோம். கடுப்பும் எரிச்சலும் குறைந்தன. தலை சுற்றியது, நான்கு மாதத்தில் நான்கு கிலோ ஏறியது. 50க்கு இறக்கினோம். மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் டுலோக்செட்டின் இன்னொரு வழி என்று நிபுணர் சொன்னார். மனநோய் மாத்திரை என்று இன்ஷூரன்ஸில் விழுந்துவிடுமோ என்று பயந்து அக்கா மறுத்துவிட்டார், வற்புறுத்தவில்லை.

வேலை நேரம்தான் பெரிய சண்டை. ஆண்டுக்கு 14 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) மே மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. இரவு வேலை நோயைக் கூட்டுகிறது, பகலுக்கு மாற்றினால் விடுப்பு குறையும் என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதில் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்பதோடு நிபுணரின் அறிக்கையையும் இணைத்தேன். பகலுக்கு மாற்றினார்கள். இரவுப் படி போனது. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் மூத்தோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைத்தது. மருந்தைவிட இந்த இரண்டுக்கும்தான் அதிகப் பலன் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது.

2017இல் வெளிவந்த ஐரோப்பியப் பரிந்துரைகளில் வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டது ஒன்றே ஒன்று, உடற்பயிற்சி. மாத்திரைகள் எல்லாம் 'பலவீனமான' பரிந்துரைகள். ஆனால் வலிக்கிறவரிடம் போய் உடற்பயிற்சி செய் என்றால் முறைப்பார், இவரும் முறைத்தார். புளோக்கைச் சுற்றி ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம் என்றேன். நன்றாக இருக்கிற நாளிலும் ஐந்து நிமிடம்தான். அந்தக் கடைசி நிபந்தனையில்தான் ஆள் சறுக்கினார். 2024 தீபாவளிக்கு முந்தின வாரம் வலி குறைவாக இருக்கிறதே என்று வீடு முழுக்கத் துடைத்து, ஜன்னல் திரையைத் துவைத்து, உட்கார்ந்த இடத்தில் மூன்று கிலோ மாவு முறுக்குப் பிழிந்திருக்கிறார். தீபாவளி அன்று எண்ணெய் தேய்க்கக் கை தூக்க முடியவில்லை. ஐந்து நாள் படுக்கை.

அதற்குப் பிறகு கடிகாரம் வைத்துக்கொண்டார். இருபது நிமிட வேலை, பத்து நிமிட ஓய்வு, வலித்தாலும் வலிக்காவிட்டாலும். சனிக்கிழமை காலையில் கீழே சமூக மன்றத்தின் தாய் சி வகுப்பில் சேர்ந்தார். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு இதை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஏரோபிக் பயிற்சிக்குக் குறையாத பலன் கிடைத்திருக்கிறது. சீன ஆன்டிகள் பதினைந்து பேருக்கு நடுவே இவர் ஒருவர்தான் தமிழ். அவர்கள் மாண்டரினில் எண்ணுவதை இப்போது பத்து வரை சொல்வார்.

பதினான்கு மாதம் கழித்து

2025 மே மாதம் உடல் படத்தை மறுபடி கொடுத்தேன். 12 இடம் 8 ஆகியிருக்கிறது. தீவிரம் 10லிருந்து 6. கணக்குப்படி அளவுகோலுக்குள்தான் இன்னும் இருக்கிறார். சராசரி வலி ஐந்து. மழை நாளிலும் மாதவிடாய் வாரத்திலும் ஏழு. தினமும் 25 நிமிடம் நடக்கிறார். இந்த ஆண்டு இதுவரை எம்சி மூன்று நாள். பிஸ்கட் டின்னில் இப்போது பிஸ்கட் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது இடது கையில் ஒரு வளையல் போடுகிறார், திரும்பி வந்ததும் கழற்றிவிடுகிறார்.

பிபி பட்டையை வலது கையில் கட்டினால் இன்னமும் உதறுகிறார். கோப்பின் முதல் பக்கத்தில் எங்கள் உதவியாளர் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'இடது கை, மெதுவாக.'